மரத்தை வெட்டாமல் மருந்து

வட அமெரிக்காவின் மேலைக் கரையோரக் காடுகளில் பசிபிக் யூ என்றொரு மரம் உண்டு. நெடிய மரங்களின் நிழலில் மிக மெதுவாக வளரும் இதனை, மரம் வெட்டுவோர் நெடுங்காலம் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. வெட்டிய காட்டின் குப்பையோடு சேர்த்து எரித்தும் விட்டனர். 1962ஆம் ஆண்டில் ஆதர் பார்க்கிளே என்னும் தாவரவியலறிஞர் வாஷிங்டன் மாநிலத்தில் இம்மரத்தின் பட்டையைச் சேகரித்து, புற்றுநோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்த ஆராய்ச்சியாளருக்கு அனுப்பினார். அதிலிருந்து மன்றோ வால், மன்சுக் வாணி என்னும் இரசாயன அறிஞர் இருவர் பிரித்தெடுத்து, 1971இல் அமைப்பை வெளியிட்ட பொருளே டாக்சோல்.

அது செய்யும் வேலை விந்தையானது. ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது அதனுள் நுண்ணிய குழாய்கள் தோன்றி, வேலை முடிந்ததும் கலைந்துவிடுதல் வேண்டும். டாக்சோல் அவற்றைக் கலையவிடாது இறுகப் பிடித்துக்கொள்கிறது. பிரிய வழியற்ற கலம் மடிகிறது. இவ்வுண்மையைச் சூசன் ஹோர்விட்ஸ் என்னும் அம்மையார் 1979இல் கண்டுரைத்தார். 1992இல் சூலகப் புற்றுநோய்க்குரிய மருந்தாக ஐக்கிய அமெரிக்க அரசு இதனை அனுமதித்தது.

இங்கேதான் இக்கட்டுத் தோன்றிற்று. ஒரு கிலோகிராம் டாக்சோலுக்கு ஏறத்தாழ 10,000 கிலோகிராம் பட்டை, அதாவது 3,000 மரங்கள் வேண்டும். பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். நோயாளரோ ஆயிரக்கணக்கில் காத்திருந்தனர். காட்டைக் காக்க எண்ணியோரும், சாவின் வாயிலில் நின்ற பெண்களுக்காக வாதாடியோரும் எதிரெதிரே நின்றனர். இருசாராரிடமும் நியாயம் இருந்தது. ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் கிடைக்கும் ஒரு பொருளைப் பிரித்து டாக்சோலாக மாற்றும் முறை முதலில் கைகொடுத்தது. இலையைக் கொய்தால் மீண்டும் தளிர்க்குமல்லவா? எனினும் பல இரசாயனப் படிகளும் கரைப்பான்களும் அதற்குத் தேவைப்பட்டன. அடுத்து வந்ததே இழைய வளர்ப்பு.

இலையின் சிறு துண்டொன்றைக் கிருமி நீக்கி, சீனியும் உப்புக்களும் ஓமோன்களும் கலந்த ஊடகத்தில் வைத்தால், வெட்டுவாயில் ஒழுங்கற்ற கலத்திரள் பொங்கி எழும். இலையென்றோ வேரென்றோ சொல்லமுடியாத அத்திரளைத் திரவத்திலிட்டு அசைத்தால், கலங்கள் சிறு சிறு கொத்துகளாய்ப் பிரிந்து பெருகும். பின்னர் குடுவையிலிருந்து பெருந்தாங்கிக்கு மாற்றுவர். ஜேர்மனியின் ஆரன்ஸ்பர்க் நகரில் 75,000 இலீற்றர் கொள்ளும் தாங்கியில் யூ மரத்தின் கலங்கள் வளர்கின்றன; அங்கே மரமும் இல்லை, மண்ணும் இல்லை, வெயிலும் இல்லை. தாங்கியில் பிறந்ததாயினும் டாக்சோல் டாக்சோலே. மரத்தின் டாக்சோலுக்கும் இதற்கும் ஓர் அணுவளவும் வேறுபாடில்லை.

ஆனால் சீனியும் இடமும் தாராளமாகக் கிடைத்தால் கலம் பெருகுமேயன்றி மருந்தைச் சுரப்பதில்லை. மருந்தென்று நாம் கொள்வது தாவரத்துக்குத் தற்காப்பு. பகை இல்லாதபோது படை எதற்கு? ஆகவே கலத்தைச் சிறிது ஏமாற்றவேண்டும். மல்லிகை இனப் பூவின் எண்ணெயில் இருக்கும் மெதைல் யஸ்மோனேற்று என்னும் மணப்பொருள், காயமுற்ற செடிக்கு அபாய அறிவிப்பாகவும் பயன்படுகிறது. அதனைச் சிறிதளவு சேர்த்ததும் யூ கலங்கள் டாக்சோலைப் பன்மடங்கு சுரந்தமையை யப்பானிய ஆராய்ச்சியாளர் 1996இல் வெளியிட்டனர்.

தனிக் கலத்தைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கலாம் என்ற கருத்தை 1902இலேயே ஹாபர்லாண்ட் என்னும் அறிஞர் கூறியிருந்தார். அவர் வைத்த கலங்கள் உயிரோடிருந்தனவேயன்றிப் பிரியவில்லை. பின்னாளில் அவற்றைப் பிரியத் தூண்டியவற்றுள் ஒன்று நமக்கு நன்கு அறிமுகமான தேங்காய் நீர்! 1941இல் ஊமத்தையின் முளையத்தை வளர்க்க அது பயன்பட்டது. அதனையே ஊட்டிக் கரட் கிழங்கின் கலங்களிலிருந்து முழுச் செடிகளை உண்டாக்கிய செய்தியை 1958இல் ஸ்ரூவேட் வெளியிட்டார். வணிக முறையில் முந்திக்கொண்டது யப்பான். 1983இல் முரசாக்கி என்னும் மூலிகையின் வேர்க்குரிய செந்நிறப் பொருளான சிக்கோனினைக் கலவளர்ப்பால் உற்பத்தி செய்து, உதட்டுச் சாயத்திலும் சேர்த்தனர். மண்ணில் பல ஆண்டு காத்திருந்து தோண்டவேண்டியதைத் தாங்கி சில வாரங்களில் தந்தது.

எல்லாச் செடியும் இவ்வாறு இணங்கிவிடும் என்று மாணவர்கள் எண்ணிவிடலாகாது. நம் வீட்டு முற்றத்தில் நிற்கும் பட்டிப்பூவைப் பாருங்கள். நித்தியகல்யாணி என்றும் வழங்கும் இச்செடியின் இலையில், சிறுவரின் இரத்தப் புற்றுநோய்க்கு உதவும் வின்கிறிஸ்ரீனும், வேறு புற்றுநோய்களுக்கு உதவும் வின்பிளாஸ்ரீனும் உள்ளன. (அதற்காக இலையை அவித்துக் குடித்துவிடாதீர்கள், அது நஞ்சு.) ஒரு கிராம் வின்பிளாஸ்ரீனுக்கு அரைத் தொன்னுக்குக் குறையாத உலர்ந்த இலை வேண்டும். எத்தனையோ ஆய்வுகூடங்கள் முயன்றும், தாங்கியில் வளர்த்த பட்டிப்பூக் கலங்கள் இம்மருந்துகளைப் பயன்படத்தக்க அளவில் தரவில்லை. காரணம், இலையில் ஒருவகைக் கலம் தொடங்கும் வேலையை இன்னொரு வகைக் கலமும் பிறிதொன்றும் வாங்கித் தொடர்கின்றன. ஒழுங்கற்ற திரளில் அந்த வேலைப்பங்கீடு இல்லை. 2022இல் ஆராய்ச்சியாளர் செடியின் மரபணுக்களை மதுவத்தில் புகுத்தி, வின்பிளாஸ்ரீனின் இரு பாதிகளையும் அதனைக்கொண்டு ஆக்குவித்து, இரசாயன முறையால் ஒன்றாக இணைத்துக் காட்டினர். கிடைத்த அளவு மிகச் சிறிது. மருந்துக்கு வேண்டிய இலை இன்னும் வயல்களிலேயே விளைகிறது.