5 அடி 8 அங்குலம் போதுமா?

2024-ம் வருஷம் ஜூலை 30. பாரீஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸும் ஜப்பானும் மோதிய கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்த்தீர்களா? பார்க்காவிட்டால் பரவாயில்லை, நான் சொல்கிறேன்.

பிரான்ஸ் பக்கம் விக்டர் வெம்பன்யாமா. ஏழடியையும் தாண்டிய மனிதர். நின்ற இடத்தில் கையைத் தூக்கினாலே கூடை கிட்டத்தட்ட எட்டிவிடும். ஜப்பான் பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி வருகிறவர் யூகி கவாமுரா. உயரம் 5 அடி 8 அங்குலம், அதாவது 172 செ.மீ. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அப்பாவும் ஆறாம் வகுப்புப் பையனும் நிற்கிற மாதிரி இருக்கும்!

அந்த 'ஆறாம் வகுப்புப் பையன்' அன்றைக்கு எடுத்தது 29 புள்ளிகள். கடைசிச் சில நொடிகள் வரை ஜப்பான்தான் 84-80 என்று முன்னால் இருந்தது. அப்போது பிரான்ஸின் மேத்யூ ஸ்ட்ராஸெல் தூரத்திலிருந்து பந்தை எறிய, தடுக்கப் பாய்ந்த கவாமுரா மீது ஃபவுல் கொடுத்தார்கள். எறிந்த பந்தும் கூடையில் விழுந்தது. அதற்குக் கிடைத்த கூடுதல் எறிதலும் விழுந்தது. 84-84. கூடுதல் நேரத்தில் பிரான்ஸ் 94-90 என்று ஜெயித்துவிட்டது. அது ஃபவுல்தானா என்று அப்புறம் ஏகப்பட்ட வாதம்.

சித்த வைத்தியருக்கும் பாஸ்கெட் பாலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. 'பையன் உயரமே போட மாட்டேங்கறான் டாக்டர், ஏதாவது லேகியம் இருக்கா?' என்று கேட்காத பெற்றோர் குறைவு. அவர்களுக்குச் சொல்லவேண்டிய பதில் இந்த ஜப்பான்காரர் உடம்பில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

யார் குள்ளம்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். கவாமுரா தம் நாட்டில் குள்ளரே இல்லை. இன்றைய ஜப்பானிய ஆண்களின் சராசரி உயரமே ஏறக்குறைய 171 செ.மீ.தான். தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அமெரிக்காவின் என்.பி.ஏ. பந்தயத்துக்குள் கால் வைத்ததும்தான் அவர் 'குள்ளர்' ஆகிறார். அங்கே ஆட்டக்காரர்களின் சராசரி உயரம் சுமார் 6 அடி 6 அங்குலம். கூடையோ எல்லோருக்கும் ஒரே மாதிரி, 10 அடி உயரத்தில். உங்களுக்காக யாரும் இறக்கிக் கட்ட மாட்டார்கள்.

இந்த இடத்தில் 5 அடி 8 அங்குலக்காரர் தாக்குப்பிடிக்க முடியுமா? 'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்று ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். மீதியையும் பார்ப்போம்.

உடம்பு கொடுக்கும் லாபம்

குள்ளமான ஆட்டக்காரர் பந்தைத் தரையில் தட்டும்போது, பந்து கைக்கும் தரைக்கும் நடுவே போய்வருகிற தூரம் குறைவு. எதிராளி கையை விட்டுப் பறிக்க நேரமே கிடைக்காது. ஆறரை அடி ஆசாமி அந்தப் பந்தை எடுக்க இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். அவர் குனிந்து நிமிர்வதற்குள் இவர் பறந்துவிடுவார்.

இரண்டாவது, உடம்பின் பாரம் தாழ்வாக இருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று நிற்கவும், இடம் வலம் திரும்பவும் இது பெரிய வசதி. பஸ்ஸையும் ஆட்டோவையும் நினைத்துக்கொள்ளுங்கள். சந்தில் திரும்ப எது லாயக்கு?

இந்த வசதியை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய உத்தியோகம் 'பாயிண்ட் கார்டு'. பந்தை நடத்திக்கொண்டு போய், யார் காலியாக நிற்கிறார் என்று பார்த்து, சரியான நொடியில் அவர் கையில் சேர்ப்பது. பந்து போடுவதைவிடப் பந்து பரிமாறுவதுதான் முக்கிய வேலை. கல்யாணப் பந்தியில் யார் இலையில் என்ன இல்லை என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிற ஆள் இருப்பார் இல்லையா? அந்த மாதிரி. கவாமுரா ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இன்னொரு பக்கம் பந்தைக் கொடுப்பதில் கெட்டிக்காரர்.

உடம்பு கேட்கும் விலை

லாபம் சொன்னால் நஷ்டமும் சொல்ல வேண்டும். உயரமானவர் கையை உயர்த்தி நின்றாலே போதும், எதிராளிக்குப் பார்வை மறைந்துவிடும். குள்ளமானவர் ஒவ்வொரு தடவையும் பாய்ந்தாக வேண்டும். பாய்ந்தால் ஃபவுல் ஆகிற அபாயம். பாரீஸில் நடந்தது இதுதான்.

எதிரணிக்காரர்களும் சும்மா இருப்பார்களா? குள்ளமானவர் எங்கே நிற்கிறார் என்று தேடிப் பிடிப்பார்கள். நூறு கிலோ ஆசாமி ஒருவரைக் குறுக்கே நிறுத்தி வழியை மறைத்து, தங்கள் பலசாலியை இவர் தலைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்துவார்கள். இதை ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ராத்திரி பூராவும் செய்வார்கள். கவாமுராவின் எடை சுமார் 72 கிலோ. நூறு கிலோ வந்து மோதினால் அடி யாருக்கு?

ஆகவே கணக்கு ரொம்ப எளிது. இவர் பந்தோடு இருக்கும்போது அணிக்குக் கொண்டுவருகிற லாபம், பந்து இல்லாதபோது அணிக்கு வைக்கிற செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும். இருந்தால் நிற்கலாம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

முன்னே போனவர்கள்

இந்தக் கணக்கில் ஜெயித்தவர்கள் உண்டு. மக்ஸி போக்ஸ் என்ற அமெரிக்கர் வெறும் 5 அடி 3 அங்குலம். 1987-ல் நுழைந்தவர் 14 சீசன்கள், 889 ஆட்டங்கள் ஆடினார். ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 7.6 தடவை மற்றவர்கள் புள்ளி எடுக்கப் பந்து கொடுத்தார். பெரிய ஆசாமிகள் பந்தைக் கீழே இறக்கினால் போச்சு, இவர் தட்டிப் பறித்துவிடுவார்.

5 அடி 9 அங்குல ஐசையா தாமஸ் 2011-ல் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது கடைசி ஆளாக, 60-வதாக எடுக்கப்பட்டவர். 2016-17 சீசனில் ஆட்டத்துக்கு 28.9 புள்ளி எடுத்து எல்லோர் வாயையும் அடைத்தார். ஆனால் அந்த சீசனிலேயே இடுப்பில் அடி. அதற்கப்புறம் பழைய தாமஸைப் பார்க்க முடியவில்லை. உடம்பு விலை கேட்கும் என்று சொன்னேன் அல்லவா?

ஜப்பானிய ரத்தம் என்று பார்த்தால் முதலில் வருபவர் வாட் மிசாகா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தவர். 5 அடி 7 அங்குலம். 1947-ல் நியூயார்க் நிக்ஸ் அணியில் மூன்றே ஆட்டம். அதோடு அனுப்பிவிட்டார்கள், ஊருக்குத் திரும்பி என்ஜினீயர் ஆகிவிட்டார். ஜப்பானிலேயே பிறந்து என்.பி.ஏ.வில் முதன்முதலாக ஆடியவர் யூட்டா டபூசே. 5 அடி 9 அங்குலம். 2004 நவம்பரில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்காக முதல் ஆட்டத்திலேயே 7 புள்ளி எடுத்தார். ஆனாலும் நாலு ஆட்டத்தோடு சரி. பிறகு தாய்நாட்டுக்குப் போய்ப் பல வருஷம் ஆடி, 2017-ல் பி.லீக்கின் முதல் சாம்பியனான அணியில் இருந்தார்.

மூன்று ஆட்டம், நாலு ஆட்டம்... இனி கவாமுராவுக்கு வருவோம்.

கவாமுராவின் கணக்கு

யாமகுச்சி மாகாணத்தில் யனாய் என்ற ஊரில் 2001 மே மாதம் பிறந்தவர். 2022-23 சீசனில் ஜப்பான் பி.லீக்கின் மிகச் சிறந்த வீரர் பட்டம் இவருக்கு. 2023-ல் ஓகினாவாவில் நடந்த உலகக் கோப்பையில் பின்லாந்தை ஜப்பான் 98-88 என்று தோற்கடித்தபோது 25 புள்ளி, 9 அசிஸ்ட். அதாவது, ஒன்பது தடவை இவர் பரிமாறிய பந்தில் மற்றவர்கள் புள்ளி எடுத்தார்கள்.

சொந்த ஊரில் ராஜாவாக இருந்திருக்கலாம். சம்பளம், பேர், புகழ் எல்லாம் இருந்தது. அதை விட்டுவிட்டு 2024-ல் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அணிக்கு, இடம் நிச்சயமில்லாத ஒப்பந்தத்தில் போனார். அக்டோபரில் அதை 'டூ-வே' ஒப்பந்தமாக மாற்றினார்கள். பெரிய அணியில் கொஞ்சம், அதற்குக் கீழே உள்ள ஜி லீக் அணியில் மிச்சம் என்று ஆட வேண்டிய ஏற்பாடு. 2024 அக்டோபர் 25-ந் தேதி ஹூஸ்டனுக்கு எதிராக முதல் முறையாக இறங்கினார். அந்த சீசனில் என்.பி.ஏ. ஆட்டக்காரர்களில் எல்லோரையும்விடக் குள்ளமானவர் அவர்தான். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், 'யூகியை இறக்கு!' என்று மெம்ஃபிஸ் ரசிகர்கள் கத்துவது வழக்கமாகிவிட்டது.

சீசன் முடிந்தபோது கணக்கு: 22 ஆட்டம், சராசரி 1.6 புள்ளி. அவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அதே சீசனில் ஜி லீக்கில் ஆட்டத்துக்கு எட்டுக்கு மேல் அசிஸ்ட் கொடுத்திருக்கிறார். நிறைய நேரம் ஆடவிட்டால் அவர் திறமை தெரிகிறது. அந்த நேரத்தை ஒரு என்.பி.ஏ. அணி தைரியமாகக் கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

2025 கோடையில் சிகாகோ புல்ஸ் அணி அவரை டூ-வே ஒப்பந்தத்தில் எடுத்தது. நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது வேறொரு சோதனை. அக்டோபரில் காலின் கீழ்ப்பகுதியில் ரத்தக்கட்டு! அணி ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தது. உயரம் தடுக்காத மனிதரை ஒரு சின்ன ரத்த உறைவு உட்காரவைத்துவிட்டது.

காலில் ரத்தக்கட்டு என்றால்...

இங்கே வைத்தியனாகக் கொஞ்சம் பேசுகிறேன். கெண்டைக்கால் தசையைக் காலுக்குள் இருக்கும் இன்னொரு இதயம் என்றே சொல்லலாம். நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நீண்ட பயணத்தில் அசையாமல் உட்கார்ந்தாலோ, அடிபட்டாலோ, ஆபரேஷனுக்குப் பின் படுத்தே கிடந்தாலோ உள்ளே இருக்கிற ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். சிலருக்குப் பிறவியிலேயே அந்த வாகு இருக்கும்.

ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு, நிறமாற்றம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். முக்கியமாக ஒன்று: 'சுளுக்குதான்' என்று தைலம் போட்டு உருவிவிடாதீர்கள். தைலம் காய்ச்சுகிற நானே சொல்கிறேன். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. தக்க நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்திலேயே குணமாகும்.

உயரத்துக்கு லேகியம் உண்டா?

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம். உயரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பங்கு பரம்பரை. மிச்சம் சாப்பாடு, தூக்கம், நோய்நொடி இல்லாத குழந்தைப் பருவம். ஒரு நூற்றாண்டில் ஜப்பானிய ஆண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 15 செ.மீ. கூடியது லேகியத்தால் அல்ல. நல்ல சாப்பாட்டாலும் சுகாதாரத்தாலும்தான். அந்த ஏற்றமும் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது.

எலும்பு முனையில் வளர்ச்சிக்கென்று குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. பெண்களுக்குப் பொதுவாக 15, 16 வயதுவாக்கிலும் ஆண்களுக்கு 17, 18 வயதுவாக்கிலும் அது மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் எந்த பவுடரும் எந்த சூரணமும் எலும்பை நீட்டாது. அமுக்கரா உடம்பைத் தேற்றும் மருந்து. உயரத்தைக் கூட்டும் மருந்து அல்ல. விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தைக் கரியாக்க வேண்டாம்.

செய்யக்கூடியது என்ன?

* வளரும் வயதில் பால், முட்டை, பருப்பு, கேழ்வரகு, கீரை இவற்றில் முடிந்தது தினமும்.
* ராத்திரி எட்டு, ஒன்பது மணி நேரத் தூக்கம்.
* வெயிலில் ஓடியாடும் விளையாட்டு.
* குழந்தை வயதுக்குத் தக்கபடி வளராமல் வருஷக்கணக்கில் ஒரே அளவில் நின்றால், தட்டு மூடுவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு போன்ற குறைகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம்.
* 'குள்ளா' என்று வீட்டிலேயே கூப்பிடாதீர்கள். வெளியில் கூப்பிட ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

சரி, ஜெயிக்க முடியுமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். என்.பி.ஏ.வில் 5 அடி 8 அங்குலக்காரர் பெரிய நட்சத்திரமாவது ரொம்ப ரொம்ப அபூர்வம். சொந்த ஊரில் எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் அங்கே கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. ஆனால் ஓர் அணி 'இவன் பத்து நிமிஷம் ஆடினால் எங்களுக்கு லாபம்' என்று நினைக்கிற அளவுக்கு ஆக முடியும். போக்ஸ் அதைப் பதினாலு சீசன் செய்து காட்டினார். மிசாகாவுக்கு மூன்று, டபூசேக்கு நாலு என்று இருந்த கணக்கை, கவாமுரா முதல் சீசனிலேயே இருபத்திரண்டுக்குக் கொண்டுபோனார். இது தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை.

எண்சாண் உடம்பு என்கிறோம். யாருடைய சாண்? அவரவர் கைச் சாண்தான். ஏழடி ஆளும் அவர் சாணுக்கு எட்டு. ஐந்தடி ஆளும் அவர் சாணுக்கு எட்டு. அடுத்த தடவை உங்கள் பையனைச் சுவரோரம் நிறுத்தி அளவெடுக்கும்போது, அவன் கையாலேயே ஒரு தரம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.