வழக்கும் விருதும் வாங்கித் தந்த ஏழு சொற்கள்

2008 நவம்பர் 10 அன்று வாஷிங்டன் கென்னடி மையத்தில் நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் விருது விழா. ஜான் ஸ்டூவர்ட், லிலி டாம்லின், ஜோன் ரிவர்ஸ், பில் மார் என்று அமெரிக்கா அறிந்த நகைச்சுவைக் கலைஞர்கள் வரிசையாக மேடையேறிப் பேசினார்கள். விருதுக்கு உரியவர் மட்டும் அங்கே இல்லை. ஜார்ஜ் கார்லினுக்கு விருது என்று ஜூன் மாதம் அறிவித்த சில நாட்களிலேயே, 22ஆம் தேதி, 71 வயதில் இதயம் செயலிழந்து அவர் காலமாகிவிட்டார். 1998இல் ரிச்சர்ட் ப்ரையருக்கு வழங்கித் தொடங்கிய இந்த விருது, மறைந்த ஒருவருக்குப் போனது அதுவே முதல் முறை. மகள் கெல்லி பெற்றுக்கொண்டார். விழாவைப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் 2009 பிப்ரவரியில் நாடெங்கும் ஒளிபரப்பியது.

எந்தப் பேச்சுக்காக அவரைக் கொண்டாடினார்களோ, அதே பேச்சுக்காகத்தான் ஒருகாலத்தில் அவரைக் கைது செய்தார்கள். விழாவைப் பார்க்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

1960களில் கார்லின் கோட்டும் டையுமாகத் தொலைக்காட்சியில் தோன்றி, யாரையும் உறுத்தாத வேடிக்கைகளால் நன்றாகச் சம்பாதித்தவர். 1962இல் சிகாகோவில் ஆபாசமாகப் பேசியதாக நகைச்சுவைக் கலைஞர் லென்னி புரூஸை ஒரு விடுதி மேடையிலிருந்து போலீஸ் பிடித்துச் சென்றபோது பார்வையாளர்களில் ஒருவராக இருந்தார். அடையாள அட்டையைக் காட்ட மறுத்ததால் அவரையும் அதே வண்டியில் ஏற்றினார்கள். வழக்குகளிலேயே நொந்து 1966இல் இறந்த புரூஸுக்கு, நியூயார்க் ஆளுநர் மன்னிப்பு வழங்க 2003 ஆயிற்று. புரூஸ் அப்படி நொந்து இறந்ததைக் கண்ட பிறகும் கார்லின் தலைமுடியையும் தாடியையும் வளர்த்துக்கொண்டு, நல்ல வருமானத்தை விட்டுவிட்டுப் புரூஸின் பாதைக்கே வந்தார். அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தத் துணிச்சல்தான்.

1972இல், தொலைக்காட்சியில் ஒருபோதும் சொல்லக் கூடாத ஏழு சொற்கள் என்று ஒரு பட்டியலை மேடையில் அடுக்கினார். எல்லாம் தெருவில் புழங்கும் கெட்ட வார்த்தைகள். அவற்றைச் சொல்லி அதிரவைப்பது அவர் நோக்கமில்லை. ஆயிரக்கணக்கான சொற்கள் உள்ள மொழியில் இந்த ஏழை மட்டும் ஏன் பூட்டி வைத்தோம், யார் பூட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டார். அந்த ஜூலையில் மில்வாக்கி கோடைவிழாவில் அதைப் பேசியதும் கைது. பேச்சு அநாகரிகமானதே, ஆனாலும் பேச்சுரிமைக்கு உட்பட்டது, அமைதியும் குலையவில்லை என்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

விவகாரம் அதோடு முடியவில்லை. அதே பொருளில் அமைந்த அவருடைய இன்னொரு ஒலிப்பதிவை 1973 அக்டோபரில் ஒரு நியூயார்க் வானொலி பிற்பகலில் ஒலிபரப்ப, காரில் மகனுடன் போய்க்கொண்டிருந்த ஒரு தந்தை புகார் எழுதினார். அது உச்சநீதிமன்றம் வரை போனது. அழையாமலே வீட்டுக்குள் நுழைவது ஒலிபரப்பு, குழந்தைகளும் கேட்கிறார்கள், ஆகவே அரசு கட்டுப்படுத்தலாம் என்று 1978இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. கார்லினின் பேச்சு முழுவதும் அத்தீர்ப்பில் பிற்சேர்க்கையாக அச்சாகியிருக்கிறது. நீதிபதிகள் எந்தச் சொற்களை எடைபோட்டார்கள் என்பதைச் சட்டம் படிக்கும் மாணவர் இன்றும் அங்கே வாசிக்கலாம்.

கேபிள் தொலைக்காட்சிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 1977 முதல் 2008 வரை எச்பிஓவில் அவர் வழங்கிய 14 நிகழ்ச்சிகள்தாம் அவரைப் பெரிய கலைஞராக வளர்த்தன. 1990இல் போர் வீரர்களின் மனப் பாதிப்பைப் பற்றிப் பேசியதைக் கேளுங்கள். முதல் உலகப்போரில் இரண்டே அசைகளில் அடங்கிய பெயர், ஒவ்வொரு போருக்கும் நீண்டு நீண்டு வியட்நாமுக்குப் பின் வலியே தெரியாத மருத்துவச் சொல்லாகிவிட்டதைப் படிப்படியாகக் காட்டுகிறார். பழைய பெயரே நிலைத்திருந்தால் அந்த வீரர்களுக்கு உரிய கவனிப்பு கிடைத்திருக்கும் என்கிறார். அதில் சிரிப்பைவிடக் கோபம் அதிகம். கெட்ட வார்த்தைக்காரர் என்று அவரை ஒதுக்குபவர்கள் இதைக் கேட்காதவர்கள்.

விருதும் கைதட்டலும் அவருக்குத் தகும். ஆனால் விழாவை ஒளிபரப்பிய பொதுத் தொலைக்காட்சி நிலையங்களைக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டிப்போடுவது அந்த 1978 தீர்ப்புதான். அதை மறுபரிசீலனை செய்ய 2012இல் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வேறு காரணத்தைக் கொண்டே வழக்கை முடித்துக்கொண்டார்கள். நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் மட்டும், அந்தத் தீர்ப்பு வழங்கப்பட்ட அன்றே தவறானது என்று தனியாக எழுதிவைத்தார். கார்லினுக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.