சார்கோபீனியா: முதுமையில் கரையும் தசை

வயது ஏற ஏற உடலின் தசையும் அதன் வலுவும் அளவுக்கு மீறிக் குறைந்துபோவதைச் சார்கோபீனியா என்கிறது மருத்துவம். தமிழில் தசை நலிவு எனலாம். 1980களின் கடைசியில் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்பெயரைச் சூட்டினார். அந்நாட்டு நோய்க் குறியீட்டுப் பட்டியலில் 2016இல்தான் இதற்குத் தனி எண் கிடைத்தது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இதை நோயாக யாரும் எண்ணுவதில்லை. பஞ்சாலையில் நின்றே வேலை பார்த்தவர், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்தவர், 65 வயதில் கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடியாமல் தவிப்பார். "வயசாயிருச்சுல்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த ஒரு வார்த்தைதான் பெரும் கேடு. தசை போன இடத்தைக் கொழுப்பு மூடிவிடுவதால் எடை பார்த்தும் தெரியாது. ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகே தெரியவரும்.

மூட்டுவலிக்கோ பக்கவாதத்துக்கோ தசை நலிவு என்ற சொல் பொருந்தாது. ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுப்படி, கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் தசை நலிவைச் சந்தேகிக்க வேண்டும். கருவி இல்லாமலும் சோதிக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. விழும் பயம் உள்ளவருக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தசையின் அளவை ஸ்கேன் உறுதிசெய்யும்.

உடலுழைப்பு நிற்பது, புரதக் குறைவு, சர்க்கரை நோய், காய்ச்சலில் நாள்கணக்காகப் படுத்துக்கிடப்பது எல்லாம் தசையைக் கரைக்கும். இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இல்லை. தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் புரதமுமே மருந்து. எண்பதைத் தாண்டியவர்களுக்கும் பயிற்சியால் வலு கூடுகிறது. 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. கஞ்சியும் ஊறுகாயும் அதைத் தராது. ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. ஒரு தம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டுப் பால் பிள்ளைகளுக்கும் காப்பிக்கும் போய்விட, தாத்தா பாட்டிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். சுண்டல், பருப்பு, மீன் எதுவானாலும் மூன்று வேளையும் தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. வீட்டுப் பெரியவர் எழுந்திருக்கத் திணறினால் வயதின்மேல் பழி போடாமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் தசை வலுவைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.