கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் டப்பா

எந்தச் சரக்கை எங்கே வைத்தால் விற்கும் என்பதை வணிகர்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. துடைப்பமும் வாளியும் கடையின் உள்ளே இருக்கும். மிட்டாய் பாட்டில் கல்லாவுக்கு அருகில் இருக்கும். துடைப்பம் தேவைப்படுகிறவர் கேட்டு வாங்கிக்கொள்வார். மிட்டாயோ, கண்ணில் பட்டால்தான் விற்கும். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் இன்னும் வேகமாக விற்கும்.

இந்த வித்தைக்கு முதல் வாடிக்கையாளர் யார் என்று என்றாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? நாமேதான்! காலையில் கடை திறந்தது முதல் இரவு பூட்டுப் போடும் வரை நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ஒரு முழ தூரத்தில் மிக்சர், முறுக்கு, காராச்சேவு, பிஸ்கட் எல்லாம் இருக்கின்றன. கூட்டம் சற்றுக் குறைந்தால் ஒரு பிடி. புதுச் சரக்கு வந்து இறங்கினால் ருசி பார்க்க ஒரு பிடி. கம்பெனி ஆள் ஆர்டர் எடுக்க வந்தால் டீயும் வடையும். வாடிக்கையாளராவது காசு கொடுக்க வேண்டும் என்று ஒரு நொடி யோசிப்பார். நமக்கு அந்தத் தடையும் இல்லை.

பசியா, பழக்கமா?

இப்படிச் சாப்பிடுவதில் பெரும்பகுதி பசிக்காக அல்ல. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சினிமாக் கொட்டகைக்கு வந்தவர்களில் சிலருக்கு அப்போது பொரித்த சோளப்பொரியையும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு முந்தைய நமுத்துப்போன பொரியையும் கொடுத்தார்கள். படம் பார்க்கும்போது பொரி தின்னும் வழக்கமில்லாதவர்கள், நமுத்த பொரியைக் குறைவாகவே தின்றார்கள். வழக்கமுள்ளவர்களோ, புதிய பொரியைத் தின்ற அளவுக்கு நமுத்ததையும் தின்று தீர்த்தார்கள். ருசி கணக்கிலேயே வரவில்லை. இடமும் நேரமும் கையை இழுத்தன.

கொட்டகைக்குப் பதிலாக ஒரு கூட்ட அறையில் வைத்துக் கொடுத்தபோது, வழக்கமுள்ளவர்களும் நமுத்த பொரியைக் குறைவாகவே தொட்டார்கள். கொட்டகையிலேயே, வழக்கமாகப் பயன்படுத்தாத கையால் எடுத்துத் தின்னச் சொன்னபோதும் அளவு குறைந்துபோனது.

நம் கல்லா மேடையும் அந்தக் கொட்டகை போலத்தான். பசியா, பழக்கமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. உண்மையான பசி என்றால் மோர் சாதம் கொடுத்தாலும் இறங்கும். "சாதம் வேண்டாம், மிக்சர் இருக்கிறதா?" என்று நாக்கு கேட்டால் அது பழக்கம்.

சிட்டையில் ஏறாத செலவு

மிக்சர், சேவு போன்ற எண்ணெய்ப் பலகாரங்களில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 500 கலோரி இருக்கிறது. ஒரு பிடி 30 கிராம் என்று வைத்தால் 150 கலோரி. நாளைக்கு நான்கு பிடி என்றால் 600. அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம். ஆனால் சாப்பிட்டதாக நம் நினைவில் நிற்பதில்லை. வீட்டுக்குப் போய் வழக்கமான சாப்பாட்டையும் சாப்பிடுகிறோம்.

டீக்கு வருவோம். ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். ஐந்து டீக்கு 50 கிராம். உணவில் சேர்க்கும் சர்க்கரைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு, 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு ஏறத்தாழ இதே 50 கிராம்தான். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது அது. ஆக, டீயிலேயே நாளின் பங்கு முழுவதும் தீர்ந்துவிடுகிறது.

உப்பைப் பொறுத்தவரை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பாக்கெட்டில் விலையையும் தேதியையும் பார்க்கும் நாம், அதே பாக்கெட்டில் சோடியம் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

பணக் கணக்கையும் விட்டுவிட வேண்டாம். நாளைக்கு 25 ரூபாய்ச் சரக்கு நம் வாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 300 நாள் கடை திறந்தால் 7,500 ரூபாய். இது எந்தச் சிட்டையிலும் ஏறாத செலவு.

இதைவிடப் பெரிய நட்டம் வேறு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை செய்து, நேரம் தவறி உண்ணும் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள். சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. நாம் படுத்தால் நம் கடைக்கு யார் பொறுப்பு?

என்ன செய்யலாம்?

மன உறுதியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். நமக்குத் தெரிந்த தொழிலையே இங்கும் செய்வோம்.

முதலில் சரக்கை இடம் மாற்றுவோம். பலகார டப்பாக்கள் வாடிக்கையாளர் கண்ணில் படட்டும். நாம் எழுந்து நான்கு எட்டு நடந்தால்தான் கைக்குக் கிடைக்கும்படி இருக்கட்டும். உட்கார்ந்த இடத்தில் தண்ணீர்ப் பாட்டில் மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது, எடுத்ததை எழுதுவோம். ஒரு முறுக்கு எடுத்தாலும் சொந்தச் செலவு என்று சிட்டையில் போடுவோம். எழுத வேண்டுமே என்ற எண்ணமே பாதிக் கையைத் தடுத்துவிடும்.

மூன்றாவது, மதியச் சாப்பாட்டுக்கு நேரம் ஒதுக்குவோம். மூன்றரை மணி வரை வயிற்றைக் காயப்போட்டால் கை டப்பாவுக்குத்தான் போகும். வீட்டாரோ கடைப் பையனோ இருபது நிமிடம் கல்லாவைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டு, ஒன்றரை மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வேளை உணவையும் நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது.

நான்காவது, மாற்றுச் சரக்கு வேண்டும். கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் நம் கடையிலேயே மூட்டையாக இருக்கின்றன. இரவு ஊறவைத்தால் மறுநாள் சுண்டல். அவித்த வேர்க்கடலை, கொய்யா, வெள்ளரி, உப்புக் குறைத்த மோர் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் டப்பாவிலிருந்து நேராக எடுக்காமல், ஒரு கிண்ணத்தில் அளந்து வைத்துத் தின்ன வேண்டும். அளக்காமல் கொடுப்பது நம் தொழிலில் இல்லையே!

ஐந்தாவது, டீயை ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை. இந்த வாரம் அரைக் கரண்டி, அடுத்த வாரம் இன்னும் அரைக் கரண்டி என்று சர்க்கரையைக் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

எத்தனை நாளில் பழக்கம் மாறும்? 2010இல் வெளியான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வில், புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாளில் படிந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினாலும் முயற்சி வீணாகவில்லை. ஒரு நாள் வியாபாரம் மந்தம் என்று யாரும் கடையை மூடிவிடுவதில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை இருப்புக் கணக்கு எடுக்கிறோம். அதே வாரத்தில் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வோம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குக் கட்டணமில்லை. டப்பாவை இடம் மாற்றவும் ஒரு செலவும் இல்லை. இன்றிரவு கடை கட்டும்போதே அதைச் செய்துவிடலாம்.