மேகம் திரண்டால் யார் ஓடி வருவார்கள்?

இடையஞ்சாவடியில் எனக்கு ஒரு கல்லூரித் தோழர் உண்டு. அரபிக் கல்லூரியில் பட்டம் பெற்ற பிறகு பி.ஏ. படிக்கச் சேர்ந்தபோது, தாடியும் தொப்பியுமாக வகுப்பில் நுழைந்த என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தவர். அந்த ஊரில் பல வீடுகளில் யாராவது ஒருவருக்கு ஆரோவில்லில் வேலை இருக்கும். தோட்டம், சமையற்கூடம், பட்டறை, காவல் என்று. தோழரின் தாயாரோ மரக்காணம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். இளம் வயதில் உப்பளத்தில் உழைத்தவர்.

சென்ற முறை போயிருந்தபோது அந்த அம்மாவிடம் உப்பள வேலையைப் பற்றிக் கேட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடக்கும்போது வெள்ளை வெளேரென்ற குவியல்களைப் பேருந்து ஜன்னல் வழியே எல்லோரும் பார்த்திருப்போம். அந்த வேலைக்கு நேரம் குறிப்பது கடிகாரம் அல்ல, வெயில். சூரியன் ஏறிவிட்டால் உப்பின் வெண்மையில் வெளிச்சம் பட்டுக் கண்ணைக் குத்தும். உப்பு நீரில் நின்ற கால்கள் வெடித்துப் புண்ணாகும். அதனால் விடியும் முன்பே பாத்தியில் இறங்கி, படிந்த உப்பை நீண்ட கைப்பிடி உள்ள பலகையால் வாரி, வரப்பில் சேர்த்து, வெயில் உறைக்கும் முன் சுமந்து முடித்துவிடப் பார்ப்பார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வேலை அடியோடு நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருமானம் இல்லாத காலம். அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியதே 2022-ல்தான்.

அவர் சொன்னவற்றில் ஒன்று என்னை விட்டு அகலவில்லை. உப்பு விளைகிற கோடையிலும் திடீரென்று மழை வரும். வாரிப்போட்ட உப்பு நனைந்தால் பல நாள் உழைப்பு தண்ணீரோடு போய்விடும். அந்த நேரத்தில் உப்பைக் கூட்டிக் குவிக்கவும் ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடவும் ஆட்கள் வேண்டும். அது சாயங்காலமாகவும் இருக்கலாம், நடுச்சாமமாகவும் இருக்கலாம்.

“மேகத்தப் பாத்தா யாரும் கூப்பிடாமலே ஓடுவோம் தம்பி. மொதலாளி உப்புன்னு தோணாது. நம்ம உப்பு கரையுதேன்னுதான் வயிறு பத்திக்கும்” என்றார்.

“எல்லா அளத்துலயும் அப்படித்தானாம்மா?”

“அது எப்படி? கைக்கொழந்தைக்காரி அர மணி நேரம் தாமசமா வந்தா ‘பரவால்ல, வாம்மா’ன்னு சொல்றவரு அளத்துக்கு ஓடுவோம். ‘ஏய்’னு கூப்புடறவன் அளத்துக்கு யாரு போவா? பொடவைய தலையில போட்டுக்கிட்டு வூட்டப் பாக்கப் போயிடுவோம்.”

வேலையிடத்தில் வளைந்து கொடுப்பதும் ஒருவரை ஒருவர் மதிப்பதும் ஏன் பிரிக்க முடியாதவை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. முதலாளி கொடுத்தது அரை மணி நேரம். அது திரும்பி வந்தது மழை நாளில். எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியாத உழைப்பு அது.

வளைந்து கொடுப்பது என்ற சொல்லில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வளைவது யார் என்று கேட்காமல் அந்தச் சொல்லை நம்பிவிடக் கூடாது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா ஒன்று நிறைவேறியது நினைவிருக்கும். வேலை நேரத்தில் நெகிழ்வு வேண்டும் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்கலாம், நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்றெல்லாம் விளக்கம் தந்தார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றாம் நாளே அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியது 1923-ல். சரியாக நூறு ஆண்டு கழித்து அதே நாளில் இந்த அறிவிப்பு வந்தது.

அந்த நெகிழ்வில் தொழிலாளிகள் பயந்தது எதற்கு? விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். ஆனால் மேலாளர் ஒரு தாளை நீட்டி “விருப்பமா?” என்று கேட்கும்போது, வீட்டு வாடகை பாக்கி வைத்திருக்கும் ஒருவர் “விருப்பமில்லை” என்று சொல்ல முடியுமா? மறுக்க முடியாத இடத்தில் கேட்கப்படும் சம்மதம் சம்மதமே அல்ல. இது தொழிற்சங்கக்காரர்களின் வாதம் மட்டுமல்ல. கொடுக்கல் வாங்கலில் இரு தரப்பின் மனப்பொருத்தத்தை நிபந்தனையாக வைக்கிற நம் ஃபிக்ஹும் இதைத்தான் பேசுகிறது.

மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்து சேர்ந்த வரலாற்றை அல்கஸஸ் அத்தியாயத்தில் ஓதியிருப்போம். பயணக் களைப்போடு வந்தவர், ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறார். கூலி கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண்களின் தந்தை ஆளனுப்பி, தண்ணீர் இறைத்ததற்குக் கூலி தருவதற்காகவே அழைக்கிறார். (அந்தப் பெரியவர் ஷுஐப் (அலை) அவர்கள்தான் என்று பயான்களில் பரவலாகச் சொல்வோம். குர்ஆன் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.) பிறகு எட்டு ஆண்டுகள் தம்மிடம் வேலை செய்ய வேண்டும் என்கிறார். பத்தாகப் பூர்த்தி செய்தால் அது மூஸாவின் விருப்பம், அவருக்குச் சிரமம் தரத் தமக்கு எண்ணமில்லை என்று கூடவே சொல்லிவிடுகிறார். மூஸாவும் வாயடைத்து நிற்கவில்லை. இரண்டில் எந்தத் தவணையை நிறைவேற்றினாலும் தம்மீது குறை வரக்கூடாது என்று தம் பக்கத்து நிபந்தனையை வைக்கிறார்.

இந்த உரையாடலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒருவர் வீடும் மந்தையும் உள்ளவர். மற்றவர் ஊரை விட்டு ஓடி வந்த அந்நியர், கையில் ஒன்றும் இல்லாதவர். எட்டு என்பது கடமை, மேல் இரண்டு விருப்பம் என்று கோடு கிழித்துச் சொன்னது கை ஓங்கியிருந்தவர். அந்தக் கோட்டை உறுதி செய்துகொள்ளும் துணிவு வேலைக்காரருக்கு இருந்தது. மூஸா கடைசியில் எந்தத் தவணையை முடித்தார் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, இரண்டில் அதிகமானதையே என்று பதில் சொன்னதாகப் புகாரியில் வருகிறது. கட்டாயப்படுத்தியிருந்தால் எட்டாம் ஆண்டின் கடைசி நாளை எண்ணிக்கொண்டிருந்திருப்பாரோ என்னவோ!

இனி நம் வீட்டுக்கு வருவோம். கோட்டக்குப்பம் போன்ற ஊர்களில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு எது? ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். ரமளானில் தினமும் இரண்டு மணி நேரம் வேலை குறைவு, அதுவும் நோன்பு வைக்காதவர்களுக்கும் சேர்த்து. இந்தச் சலுகைகளைப் பற்றி நம் பிள்ளைகள் தொலைபேசியில் சொல்லும்போது மகிழ்கிறோம். கஃபீல் விடுப்பு தரவில்லை, தங்கையின் நிக்காஹுக்கு வர முடியவில்லை என்றால் துடித்துப் போகிறோம்.

அதே நாம், நம் கடையில் நிற்கும் பையனை மே மாத மத்தியான வெயிலில் சைக்கிளில் இரண்டு சிப்பம் ஏற்றி அனுப்புகிறோம். நோன்பு மாதத்தில் பாத்திரம் இரண்டு மடங்காகிறது; சஹருக்கும் இஃப்தாருக்கும் சேர்த்துத் தேய்க்க வரும் அக்காவுக்குச் சம்பளம் கூடியதா? பெருநாளைக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்யும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண்மணியும் ‘பெண்கூட்டு’ அமைப்பினரும் உட்காரும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்து, ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்றது. ஒரு முக்காலி போடுவதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது! வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஒரு பெண் உட்கார்ந்தால் கடைக்கு என்ன நட்டம்? நட்டம் எதுவும் இல்லை. தனக்கு முன்னால் ஊழியர் உட்காருவதை முதலாளியின் கண் பொறுப்பதில்லை.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி ஏசிவிட்டார்கள். அதைக் கேள்வியுற்ற நபிகளார் (ஸல்), அறியாமைக் காலத்தின் மிச்சம் அவரிடம் இருப்பதாகக் கண்டித்தார்கள். உங்கள் பொறுப்பில் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், சக்திக்கு மீறிய வேலையை அவர்கள்மீது சுமத்தாதீர்கள், சுமத்த நேர்ந்தால் நீங்களும் கை கொடுங்கள் என்ற பிரபலமான அறிவுரை அந்த இடத்தில்தான் சொல்லப்பட்டது. வேலைச் சுமையைப் பற்றிய அந்த ஹதீஸ் ஒரு ஏச்சிலிருந்து தொடங்குகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மரக்காணத்து அம்மா சொன்ன ‘ஏய்’ என்ற சொல்தான் அங்கேயும் பிரச்சினை.

ஊழியர் பக்கமும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் அரட்டை, அப்புறம் பிரியாணி என்று மூன்று மணிக்கு அலுவலகம் திரும்பும் இளைஞர்களை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர்களுடைய மேசை வேலையைச் செய்து முடித்தவர் பக்கத்து மேசைக்காரர். அவருக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கும். அன்று ‘நீங்கள் போங்கள் அண்ணே, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னோமா? சொல்லாவிட்டால், அடுத்து அந்த அலுவலகத்துக்கு வேலை கேட்டு வரும் முஸ்லிம் பையனிடம் நேர்காணலில் முதல் கேள்வியே வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் இருக்கும்.

ஊருக்கெல்லாம் சொல்கிற என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிவாசலில் இமாமாக இருந்தேன். அங்கே மோதினார் ஐம்பது வயதைத் தாண்டியவர். சுபுஹுக்கு முன் எழுந்து பள்ளியைத் திறப்பார். இஷாவுக்குப் பின் பூட்டுவார். நடுவில் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் அவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. வார விடுமுறை என்ற பேச்சே கிடையாது. ஒருநாள் மகள் வீட்டுக்குப் போய் ஒரு இரவு தங்கிவர வேண்டும் என்று என்னிடம் கேட்டார். “பாங்கு யார் சொல்வது பாய்?” என்று கேட்டேன். கேள்வி நியாயமானது என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஹவ்ளு பக்கம் போய்விட்டார். அதே வாரத்தில்தான் உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலி கொடுப்பதைப் பற்றி மிம்பரில் உருக்கமாகப் பேசியிருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து அவரும் கேட்டிருந்தார்.

இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் ஜமாஅத் நிர்வாகிகளிடம் பேசினேன். வாரத்தில் ஒரு நாள் அவருக்கு விடுப்பு, அன்று நிர்வாகிகளில் ஒருவர் மாற்றி மாற்றிப் பள்ளியைத் திறந்து பாங்கு சொல்வது என்று முடிவானது. எளிதில் முடிவாகவில்லை; “இத்தனை வருடம் இல்லாத வழக்கம்” என்று ஒருவர் கடைசிவரை முனகினார். செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தோம்.

முதல் செவ்வாய் செயலாளரின் முறை. மனிதர் அயர்ந்து தூங்கிவிட்டார். சுபுஹு பாங்கு பத்து நிமிடம் தாமதம். சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் மூச்சிரைக்க ஓடிவந்து கதவைத் திறந்தவர், தொழுகை முடிந்ததும் என்னிடம் கேட்டார்: “அஜரத், அந்த மனுஷன் இருபத்திரண்டு வருஷமா தினமும் இப்படித்தான் எழுந்திருக்கிறாரா?”