வீதித் திட்டமிடலில் விமான ஒளிப்படங்கள்

மாணவர்களே, இடவிளக்கப்பட வினா வந்தால் அளவுத்திட்டம், சமவுயரக் கோடு என்று மளமளவென எழுதிவிடுகிறீர்கள். அந்தப் படம் எவ்வாறு வரையப்பட்டது என்று கேட்டால் பேனை நின்றுவிடுகிறது. 1956 ஆம் ஆண்டில் கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடாவின் உதவியுடன், இலங்கை முழுவதும் விமானத்திலிருந்து ஒளிப்படம் பிடிக்கப்பட்டது. அதன் அளவுத்திட்டம் 1:40,000.

விமானம் நேர்கோட்டில் பறக்கையில் கமரா நேர்கீழாக நோக்கி அடுத்தடுத்துப் படம் எடுக்கும். ஒரு படத்திலுள்ள நிலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் அடுத்த படத்திலும் வரவேண்டும். ஏன் இந்த வீண்செலவு? ஓரிடத்தை இரு புள்ளிகளிலிருந்து பார்த்தால்தான் உயரம் தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள், விளங்கும். இரு படங்களிலும் ஒரு பொருள் இடம்பெயர்ந்து தெரியும் அளவு அதன் உயரத்துக்கேற்ப மாறும். இதனை அளந்து உயரத்தையும் அமைவிடத்தையும் கணிக்கும் துறையே ஒளிப்பட அளவையியல்.

அளவுத்திட்டம் காணக் குவியத்தூரத்தைப் பறப்புயரத்தால் வகுக்க வேண்டும். குவியத்தூரம் 152 மில்லிமீற்றர், பறப்புயரம் 3,040 மீற்றர் எனில் 1:20,000. அதாவது படத்தில் 1 சென்ரிமீற்றர், நிலத்தில் 200 மீற்றர். (அலகை மாற்ற மறந்தால் புள்ளி போய்விடும்.)

இப்படங்களைக் கொண்டு பொறியியலாளர் மேசையிலிருந்தே வீடு, வயல், வாய்க்கால்களைப் பார்த்து இரண்டு மூன்று பாதைகளைக் கீறி ஒப்பிடலாம். வெட்டவும் நிரப்பவும் வேண்டிய மண்ணின் அளவையும் கணிக்கலாம்.

ஆயினும் எமது பிரதேசத்துக்கு இது மட்டும் போதாது. கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குச் செல்லும் கிட்டங்கித் தாம்போதியை நினைத்துப் பாருங்கள். மாரியில் அதன் மேலாக வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து துண்டிக்கப்பட்ட நாட்கள் பல. 2024 நவம்பர் 26 இல் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு மதரசா மாணவர்கள் உயிரிழந்தனர். இத்தகைய தட்டையான வயல்நிலத்தில் அரை மீற்றர் வித்தியாசமே வீதி மூழ்குமா என்பதைத் தீர்மானிக்கும். 3,000 மீற்றர் உயரத்திலிருந்து எடுத்த படத்திலோ சில பத்துச் சென்ரிமீற்றர் வழு வரலாம். இன்னொன்று: முகிலற்ற வானம் தேவை என்பதால் படம் பெரும்பாலும் வறண்ட காலத்திலேயே எடுக்கப்படும். எனவே மாரி வெள்ளம் படத்திலேயே இராது.

ஆகவே தாம்போதியை எவ்வளவு உயர்த்துவது, நீர் வடிய எவ்வளவு வழி விடுவது என்பவற்றுக்கு நிலத்தில் இறங்கி மட்டம் பார்க்க வேண்டும். வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஊராரிடம் கேட்கவும் வேண்டும். இன்று ஆளில்லா விமானங்கள் தாழப் பறந்து எடுக்கும் படங்களில் வழு சில சென்ரிமீற்றராகக் குறைந்துள்ளது. அதற்கும் நிலத்தில் அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் தேவை. "விமான ஒளிப்படங்களின் மட்டுப்பாடுகள் இரண்டு தருக" என்ற வினாவுக்கு முகிலையும் உயர வழுவையும் எழுதுங்கள்.