மோந்து காட்டும் எலி

எலியைக் கண்டால் நாம் பொறி வைப்போம். கம்போடியாவில் அதற்கு வாழைப்பழமும் வேர்க்கடலையும் கொடுத்து வயலில் இறக்கிவிடுகிறார்கள். உள்நாட்டுப் போர் மண்ணுக்குள் விட்டுப்போன கண்ணிவெடிகளை மோந்து காட்டுவதுதான் வேலை.

இது நம் வீட்டுப் பரணில் ஓடும் எலி அல்ல. கன்னத்தில் தீனியை அடக்கிக்கொள்ளும் பை உள்ள ஆப்பிரிக்கப் பேரெலி. வாலையும் சேர்த்தால் முக்கால் மீட்டர் நீளம் வரும். எடையோ ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின். அந்தக் கனத்துக்குக் கண்ணிவெடி வெடிக்காது. கண்பார்வை மந்தம், மூக்கு அபாரம். நாம் வாசனை வந்தால் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சுவோம். எலி இனமோ மும்முரமாக மோப்பம் பிடிக்கும்போது நொடிக்குப் பத்து தடவைகூட மூச்சை இழுத்துவிடும்.

சிறுவயதில் எலி வளர்த்த பெல்ஜியக்காரர் பார்ட் வீட்யென்ஸின் யோசனை இது. 1997இல் அபோபோ என்ற அமைப்பைத் தொடங்கினார். தான்சானியாவின் மொரோகோரோவில் பயிற்சி. 'டிக்' என்ற சத்தம் கேட்டால் தீனி வரும் என்று குட்டிக்கு முதலில் பழக்குவார்கள். பிறகு டிஎன்டி என்ற வெடிமருந்தின் வாசனையைச் சரியாகக் காட்டினால் மட்டுமே 'டிக்'. தேற முக்கால் வருடம் பிடிக்கும்.

இரவில் நடமாடும் பிராணி என்பதால் விடியற்காலையிலேயே வேலை. வெயில் சுடாதிருக்கக் காதிலும் வாலிலும் களிம்பு பூசுவார்கள். இருவர் எதிரெதிரே நின்று பிடித்த கயிற்றை ஒட்டி, உடம்பில் வார் கட்டிய எலி மண்ணை மோந்தபடி போகும். திடீரென்று நின்று பிராண்டினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். தோண்டுவது மனிதர் பொறுப்பு.

உலோகம் தேடும் கருவி துருப்பிடித்த ஆணிக்கும் கத்தும், தகர மூடிக்கும் கத்தும். எலிக்கு வெடிமருந்து தவிர எதுவும் பொருட்டல்ல. அதனால்தான் டென்னிஸ் மைதானம் அளவு நிலத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. கருவியோடு மனிதர் இறங்கினால் நான்கு நாள்கூட ஆகலாம். நூற்றுக்கும் மேற்பட்ட வெடிபொருள்களைக் காட்டிக்கொடுத்த மகாவா என்ற எலிக்கு, பிரிட்டனின் பிடிஎஸ்ஏ என்ற விலங்குநல அமைப்பு 2020இல் தங்கப் பதக்கமே அணிவித்தது.

இதே இனம் தான்சானியாவில் காசநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவர்களின் சளியையும் மோந்து பார்க்கிறது: 20 நிமிடத்தில் 100 மாதிரி. ஆனால் எலி சொன்னதை ஆய்வகம் மறுபடி சோதித்து உறுதிசெய்த பிறகே நோயாளிக்குத் தகவல் போகும்.